டெஸ்டரில் எட்டும் பச்சை, ஆனால் கோப்பு நகரவில்லை: காரைக்குடி ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் நெட்வொர்க் கோளாறு

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் முகப்பையும், இரண்டாம் கட்டில் ஒரு பகுதியையும் வாடகைக்கு எடுத்து ஒரு ஆடிட்டர் அலுவலகம் நடக்கிறது. முகப்பில் ஆடிட்டரின் அறை, நாலு கணினிகள், எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் சர்வர். நடு முற்றமான வளவைத் தாண்டிப் போனால் இரண்டாம் கட்டில் ஐந்து கணினிகள். கணக்கு எழுதும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. புகாரும் அங்கிருந்துதான் வந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு கம்பெனியைத் திறக்க நிமிஷக்கணக்கில் ஆகிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை சர்வரில் போட்டால் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது. எக்செல்லில் சேமிக்கப் போனால் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று திரை வெளுக்கிறது. முகப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதே கோப்புகள் சட்டென்று திறக்கின்றன.

மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவங்கள், செப்டம்பர் 30 வந்தால் வரித் தணிக்கை அறிக்கை என்று தேதியைப் பார்த்தே ஓடும் அலுவலகம் இது. பொறுத்துப் பார்த்துவிட்டு, பின்கட்டில் இருந்தவர்கள் பென் டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டு முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இதுதான் வேகக் குறைவைவிடப் பெரிய கவலையாகப் பட்டது. ஒரே வாடிக்கையாளரின் பேலன்ஸ் ஷீட் சர்வரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, யாரோ ஒருவர் டெஸ்க்டாப்பில் ஒன்று என்று மூன்றாகக் கிடந்தால், எது கடைசியாகத் திருத்தியது என்று யார் சொல்வது?

நான் போவதற்கு முன்பே நிறைய செலவு செய்திருந்தார்கள். சர்வருக்கு ராம் கூட்டியிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தார்கள். பின்னால் இரண்டு கணினிகளில் விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். எதற்கும் பலன் இல்லை. கோப்பு மெதுவாக வந்தால் கோப்பு இருக்கிற பெட்டியைச் சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் முகப்பில் வேகமாகக் கொடுக்கிற சர்வர், வளவைத் தாண்டியதும் மெதுவாகிறது என்றால், அந்தப் பெட்டியில் கை வைக்கவே காரணம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எஸ்எஸ்டி வாங்கிய பணம் மிச்சமாகியிருக்கும்.

வீடும் கேபிளும்

செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு அதன் நீளத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுவர்கள் தடிமனானவை. வைஃபை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். பின்கட்டுக்கு வைஃபை போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த அலுவலகத்திலும் அதை முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

கேபிள் இழுப்பதும் சுலபம் இல்லை. வீடு பல பங்காளிகளுக்குப் பொது. எல்லாரும் சம்மதிக்காமல் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி முதலில் சொன்னதே அதுதான்: “சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீக தம்பி, அந்தப் பூச்சு போனா இப்ப பூச ஆள் கிடையாது.” முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது, இன்றும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அவர் கவலை நியாயமானது. முன்பு கேபிள் போட்டவரும் அதை மதித்து, வளவைச் சுற்றியுள்ள தூண்களின் மேல் ஓடும் மர உத்தரத்தோடு கட்டி, துளையே போடாமல் கொண்டுபோயிருந்தார். ஏறக்குறைய 60 மீட்டர். ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கு அனுமதிக்கப்பட்ட 100 மீட்டருக்குள்தான் இருக்கிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச் முகப்பில் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் இந்த ஒரே கேபிள். பின்கட்டின் ஐந்து பேரும் இந்த ஒரு வழியில்தான் சர்வருக்கு வர வேண்டும்.

“கேபிளை டெஸ்டர் போட்டுப் பாத்தாச்சு அண்ணே, எட்டுக் கம்பிக்கும் பச்சைதான்” என்றார் அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் தம்பி. “இன்டர்நெட்டும் நல்லாத்தான் வருது. அப்ப லைன் சரியாத்தானே இருக்கணும்?”

நல்ல கேள்வி. இந்த ஆய்வில் பாதி அந்தக் கேள்விக்கான பதில்தான்.

டிஸ்க்கை விலக்கிவிட்டு அளப்பது

கோப்பு நகல் எடுக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. அதில் இரண்டு பக்க டிஸ்க், ஆன்டிவைரஸ், கோப்பைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறை, ஸ்விட்ச், கேபிள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதனால் முதல் வேலை ஐபெர்ஃப்3. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு வெறும் தரவை ஓட்டி அளக்கும் இலவச மென்பொருள் இது. டிஸ்க் இந்தக் கணக்கிலேயே வராது. ஆபீஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு சர்வரில் அதை ஓடவிட்டேன்.

என் லேப்டாப்பை முகப்பு ஸ்விட்சில் செருகியபோது நொடிக்கு 940 மெகாபிட் வந்தது. நொடிக்கு 1000 மெகாபிட் ஓடும் கிகாபிட் நெட்வொர்க்கில் கிடைக்கக்கூடிய நல்ல அளவு அதுதான். எட்டால் வகுத்தால் நொடிக்கு 110 மெகாபைட்டுக்குச் சற்று மேலே. சர்வர், அதன் நெட்வொர்க் கார்டு, முகப்பு ஸ்விட்ச் மூன்றும் அங்கேயே சந்தேகத்திலிருந்து வெளியே வந்துவிட்டன.

அதே லேப்டாப்பைப் பின்கட்டு ஸ்விட்சில் செருகினால் 6, 14, 9, 20 என்று நிலையில்லாமல் ஆடியது. சில நொடிகளில் பூஜ்யம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்கட்டுக் கணினிகளில் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்தால், ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் வேகம் 1 கிகாபிட் என்றுதான் இருந்தது. கணினி சொல்வது தனக்கும் பக்கத்து ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள வேகத்தை மட்டுமே. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிர்வாக வசதி இல்லாத சாதா ஸ்விட்ச் என்பதால் உள்ளே புகுந்து பார்க்கவும் வழி இல்லை. அந்த நீளக் கேபிள் செருகிய போர்ட்டில் மட்டும் விளக்கு வேறு நிறத்தில் எரிந்தது. அந்த மாடலில் அது 100 மெகாபிட் என்பதற்கான அடையாளம்.

அடுத்து, பின்கட்டு ஸ்விட்சைக் கழற்றி வைத்துவிட்டு நீளக் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினேன். இணைப்பு 100 மெகாபிட்டில்தான் வந்தது. அதிலும் அதே ஆட்டம். பின்கட்டு ஸ்விட்சும் குற்றமற்றது என்று ஆனது. லேப்டாப்பில் லினக்ஸ் இருந்ததால் எதெடூல் கட்டளையில் பிழை எண்ணிக்கையைப் பார்க்க முடிந்தது. தரவு சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் பயணிக்கும். வழியில் கெட்ட பொதிகளின் எண்ணிக்கையான சிஆர்சி பிழை நல்ல கேபிளில் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

தம்பியின் கேள்விக்குப் பதிலாக அவர் கண்ணெதிரே ஒரு சோதனை செய்தோம். பொதி போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் பிங் சோதனை, விண்டோஸில் வழக்கமாக 32 பைட்தான் அனுப்பும். அது ஒன்றுகூடத் தவறாமல் போய் வந்தது. அளவை 1400 பைட்டாகக் கூட்டியதும் இடையிடையே பதில் வராமல் போனது. எந்த பிட் கெடும் என்று சொல்ல முடியாத கேபிளில், முகவரி போன்ற தலைப்புகளையும் சேர்த்துப் பதினெட்டு மடங்கு நீளமான பொதி கெட்டுப்போகும் வாய்ப்பும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. ஒரு பிட் கெட்டாலும் முழுப் பொதியும் குப்பைக்குத்தான் போகும். சின்ன பிங் நன்றாக வருவதை வைத்து ‘லைன் ஓகே’ என்று எழுதிவிட்டுப் போவதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்டர்நெட் ஏன் சரியாகத் தெரிந்தது? வலைப்பக்கம் திறக்கும்போது உலாவி பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் கேட்கும், வீடியோ முன்கூட்டியே சேமித்து வைக்கும். ஒன்றிரண்டு பொதி தொலைந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஷேர் ஃபோல்டரில் இருக்கும் டேலி தரவு அப்படியில்லை. சாமான் பட்டியலை மொத்தமாகக் கொடுத்தனுப்பாமல், ஒவ்வொரு சாமானுக்கும் கடைக்கு ஒரு நடை போய் வருகிற மாதிரி அது. இந்தத் துண்டைக் கொடு, வந்தது, அடுத்ததைக் கொடு என்று ஆயிரக்கணக்கான சின்னக் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் அரை மில்லி விநாடி என்றால் ஆயிரம் கோரிக்கை அரை நொடியில் முடியும். அதில் இருபது மட்டும் தொலைந்து, மறுபடி அனுப்ப 300 மில்லி விநாடி காத்திருந்தால் ஆறு நொடி கூடிவிடும். கோரிக்கைகள் பத்தாயிரம் ஆனால் ஒரு நிமிஷம். பின்கட்டில் அவர்கள் பார்த்தது இதைத்தான்.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்று மோட்டார் ஓடும்போதுதான் டேலி நிற்கிறது என்று பின்கட்டில் எல்லாரும் உறுதியாக நம்பினார்கள். மோட்டாரின் மின்கம்பி கொஞ்ச தூரம் நெட்வொர்க் கேபிளோடு சேர்ந்தே போவதும் உண்மைதான். மோட்டாரை ஓடவிட்டும் நிறுத்தியும் அளந்தோம். பிழைகள் இரண்டு நிலையிலும் ஒரே அளவில் ஏறின. மின்கம்பியையும் டேட்டா கேபிளையும் பிரித்து வைப்பது நல்லது, பிறகு பிரித்தும் வைத்தோம். ஆனால் இந்தக் கோளாறுக்கு மோட்டார் காரணம் இல்லை.

கடைசியாக, 305 மீட்டர் பெட்டியிலிருந்து புதுக் கேபிளை உருவி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளவின் ஓரமாகவே முகப்பிலிருந்து பின்கட்டு வரை விரித்தேன். இரண்டு முனையிலும் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் செய்து, செருகியதும் 1 கிகாபிட், ஐபெர்ஃபில் 940. ஆக, குற்றவாளி உத்தரத்தின் மேல் இருக்கும் அந்த 60 மீட்டர்தான்.

இரண்டு முனைகள்

உடனே பழைய கேபிளை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். ஆனால் உத்தரத்தில் ஏறிக் கட்டுவது ஒரு நாள் வேலை, அந்தப் பழைய மரத்தோடு ஏணி உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் முனைகளைப் பார்த்துவிடலாம் என்று ஆர்ஜே45 கனெக்டரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி பிளாஸ்டிக் வழியாக நிறங்கள் தெளிவாகத் தெரிந்தன. கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து படித்தால்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீல-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. மறுமுனையிலும் அச்சாக அதே வரிசை.

பார்க்க அழகான வரிசை. ஒவ்வொரு ஜோடியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. கோளாறு அதில்தான்.

ஈதர்நெட் கேபிளுக்கான தர நிற வரிசைகளில் ஒன்றான டி568பி-இன்படி மூன்றாவது பச்சை-வெள்ளை, நாலாவது நீலம், ஐந்தாவது நீல-வெள்ளை, ஆறாவது பச்சை. நீல ஜோடி நடுவில், பச்சை ஜோடி அதன் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது வீண் குழப்பமாகத் தோன்றும். காரணம் டெலிபோனிலிருந்து வந்தது. டெலிபோன் ஜாக்கில் முதல் லைன் நடு இரண்டு பின்களில் வரும், இரண்டாவது லைன் அதைச் சுற்றி வெளியே. அந்த ஏற்பாட்டை மீறாமல் கணினிக்கும் வரிசை அமைத்தார்கள். 1995-இல் வந்த 100 மெகாபிட் ஈதர்நெட் ஒரு திசைக்கு 1, 2 பின்களையும் மறு திசைக்கு 3, 6 பின்களையும் பயன்படுத்துகிறது. 1999-இல் தரப்படுத்திய செப்புக் கேபிள் கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 3-உம் 6-உம் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும்.

முறுக்கு எதற்கு? ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடுகிறது. பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தொடும், வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துபோகும். இந்தக் கேபிளில் 3 பச்சை முறுக்கிலும் 6 நீல முறுக்கிலும் தனித்தனியாகப் பயணம் செய்தன. 60 மீட்டரும் அப்படியே. பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் கசிகிறது, கழிக்கத் துணை இல்லை. கிகாபிட்டுக்கு முயன்று முடியாமல் 100-க்கு இறங்கி, அதையும் பிழையோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தன இரண்டு ஸ்விட்சுகளும்.

டெஸ்டர் ஏன் பச்சை காட்டியது என்பதும் இப்போது புரியும். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லேன் டெஸ்டர் ஒவ்வொரு கம்பியாக மின்சாரம் அனுப்பி, ஒன்று ஒன்றுக்கே போகிறதா, எட்டு எட்டுக்கே போகிறதா என்று மட்டும் பார்க்கும். இங்கே எல்லாம் சரியாகத்தான் போகிறது. எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஜோடி பிரிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் டெஸ்டர்கள் தனியே உண்டு, விலை கூடுதல். கசிவையே அளந்து சான்று தரும் கருவி லட்சங்களில் இருக்கிறது, சின்ன அலுவலகத்துக்கு யாரும் கொண்டுவர மாட்டார்கள். ஆனால் கண்ணால் நிறம் படிக்கச் செலவே இல்லை. பச்சை விளக்கை நம்பும் முன் இரண்டு முனையின் நிறத்தையும் வாய்விட்டுப் படியுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். படிக்கும் எல்லாருக்கும் அதையே சொல்கிறேன்.

முனையை வெட்டி, கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் செம்புதான், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் இல்லை. சரி, கேபிளை மாற்றத் தேவையில்லை. இரண்டு முனையையும் டி568பி வரிசையில், முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் கிரிம்ப் செய்தோம். உத்தரத்தில் யாரும் ஏறவில்லை. செருகியதும் விளக்கு நிறம் மாறியது. ஐபெர்ஃபில் 938, பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது, 1400 பைட் பிங் ஒன்றும் தவறவில்லை. ஆன செலவு இரண்டு கனெக்டர்.

முகப்பிலுள்ள சின்னக் கேபிள்களும் அதே கைவரிசைதான், அதே தப்பான வரிசை. மூன்று நாலு மீட்டர் நீளத்தில் கசிவு பெரிதாகத் தெரியாததால் அவை கிகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் தொழிற்சாலையில் செய்த பேட்ச் கார்டு போட்டோம்.

அப்புறமும் நின்ற ஒரு கணினி

மறுநாள் காலை பின்கட்டில் நாலு பேருக்கு டேலி பறந்தது. ஐந்தாவது, மூலையில் இருக்கும் கணினி, அப்படியே இருந்தது. முதல் நாள் ஸ்டேட்டஸில் 100 மெகாபிட் காட்டியதும் அதுதான். அதன் கேபிள் புதியது. நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்தால், ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ற இடத்தில், இரண்டு பக்கமும் தாமே பேசி முடிவுசெய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் இல்லை, ‘100 ஃபுல்’ என்று கட்டாயமாக வைத்திருந்தது. முன்பு வேகக் குறைவைச் சரிசெய்ய வந்த யாரோ செய்த முயற்சி.

ஒரு பக்கம் ஃபுல் என்று அடித்து வைத்துவிட்டு மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஸ்விட்சுக்கு வேகம் 100 என்று மட்டும் தெரியும், டூப்ளெக்ஸ், அதாவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமா (ஃபுல்), முறை வைத்தா (ஹாஃப்) என்பது தெரியாது. தரநிலைப்படி அது ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு கணினி எந்த நேரமும் பேசும், ஸ்விட்ச் முறை வைத்துப் பேசப் பார்க்கும், பொதிகள் மோதிச் சாகும். லேசான வேலையில் தெரியாது, பெரிய கோப்பை நகர்த்தினால் படுத்துவிடும். ஆட்டோவுக்கு மாற்றியதும் அந்தக் கணினியும் சரியாகிவிட்டது. இன்றைய அலுவலகத்தில் இந்த அமைப்பைக் கையால் தொடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். சில கணினிகளில் ‘திஸ் பிசி’ ஜன்னல் திறக்கவே தாமதமானது. பழைய சர்வரின் பெயருக்கு இணைத்த டிரைவ் ஒன்று இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இல்லாத சர்வரைத் தேடித் தேடி விண்டோஸ் காத்திருந்திருக்கிறது. நீக்கியதும் தாமதம் போனது. இரண்டாவது, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக ஃபோல்டரில் விழ வேண்டும் என்பதற்காக சர்வரில் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ இயக்கி வைத்திருந்தார்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ஊராருடைய வருமான விவரம் இருக்கும் சர்வரில் அது இருக்கவே கூடாது. அணைத்துவிட்டு, ஸ்கேனை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக ஒரு தனி ஃபோல்டருக்குத் திருப்பினோம்.

இனி செய்ய வேண்டியது

கேபிள் இப்போது நன்றாக ஓடினாலும், திறந்த வளவைத் தாண்டிச் செல்லும் செப்புக் கேபிளை அப்படியே விட எனக்கு மனமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி விழும்போது நீளமான செப்புக் கம்பி மின்னலின் தூண்டலை இரண்டு முனையிலுள்ள ஸ்விட்சுக்கும் கொண்டுபோகும். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒளியில் தரவு அனுப்பும் ஃபைபர் போட்டால் மின்சாரம் கடக்கவே வழி இல்லை. தூரமும் ஒரு பொருட்டில்லை. ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரை இரண்டு முனையிலும் வைத்தால் இப்போதுள்ள ஸ்விட்சுகளே போதும். அதற்கான மதிப்பீடு ஆடிட்டரிடம் இருக்கிறது. பாதை அதே உத்தரம்தான், புதிதாகத் துளை எதுவும் வேண்டாம் என்பதால் பங்காளிகள் மறுக்க மாட்டார்கள் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 30 முடிந்ததும், மழை பிடிப்பதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இழுத்துவிடலாம் என்று இருக்கிறோம். அதுவரை ஸ்விட்சின் பக்கத்தில், அன்றைக்கு எடுத்த ஐபெர்ஃப் அளவுகளை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது ‘மெதுவாக இருக்கிறது’ என்றால் தம்பி முதலில் அளந்து, அந்தத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு எனக்கு போன் செய்வார்.